மருத்துவம் படிக்க நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு அமெரிக்கக் கோடைப் பயிற்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கல்லூரி முதல் ஆண்டோ இரண்டாம் ஆண்டோ படித்துக்கொண்டு, பின்னால் மெடிக்கல் ஸ்கூலுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் எழுதியது இது. தமிழ்ப் பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் வைத்துவிட்டேன்.

கோடைப் பயிற்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? அது எதற்கு?

ஊரில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினால் நேரே எம்.பி.பி.எஸ். இங்கே அப்படி இல்லை. முதலில் நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பு, அதற்குள் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் என்று சில கட்டாயப் பாடங்கள், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பம். 'ப்ரீ-மெட்' என்பது தனிப் பட்டப்படிப்பு இல்லை. இலக்கியமோ கணக்கோ முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டும் ப்ரீ-மெட் மாணவராக இருக்கலாம்.

இந்த நான்கு ஆண்டுகளுக்கு நடுவே மூன்று கோடை விடுமுறைகள் வருகின்றன. அந்த நேரத்தில் மெடிக்கல் ஸ்கூல்களும் ஆராய்ச்சி நிலையங்களும் கல்லூரி மாணவர்களை ஆறு முதல் பத்து வாரம் வரை அழைத்து வைத்துக்கொள்கின்றன. பாடம், மருத்துவமனை அனுபவம், ஆய்வகம் என்று இடத்துக்கு இடம் உள்ளடக்கம் மாறும். நல்ல பயிற்சிகளில் மாணவர் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர்களே தங்குமிடம் கொடுத்து, கையில் கொஞ்சம் உதவித்தொகையும் தருவார்கள்.

எல்லாம் ஒன்றுதானா, வகை உண்டா?

இரண்டு வகை உண்டு. பெரும்பாலான விண்ணப்பங்கள் இந்த வித்தியாசம் தெரியாமலேயே வீணாகின்றன.

முதல் வகை படிப்பை வலுப்படுத்தும் பயிற்சி. கரிம வேதியியல், உடலியங்கியல், புள்ளியியல் மாதிரியான பாடங்களில் அடித்தளம் போடுவார்கள். எப்படிப் படிப்பது, மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பம் எப்படி இருக்கும், கடனை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். மருத்துவரோடு கூட நின்று பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும். இது வீட்டிலும் சுற்றத்திலும் வழிகாட்ட ஆள் இல்லாத மாணவர்களை மனதில் வைத்து உருவானது.

இரண்டாம் வகை ஆராய்ச்சிப் பயிற்சி. ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் எட்டு அல்லது பத்து வாரம் வேலை செய்து, கடைசியில் உங்கள் ஆய்வை விளக்கும் ஒரு போஸ்டர் வைப்பீர்கள். மினசோட்டாவின் ராச்செஸ்டரில் மேயோ கிளினிக் நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டம், பல பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆம்ஜென் ஸ்காலர்ஸ், தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ஆர்இயூ என்ற ஆராய்ச்சிப் பயிற்சி, தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சின் கோடைப் பயிற்சி எல்லாம் இந்த ரகம்.

முதல் வகைக்கு எழுதும் கட்டுரையில் "எனக்கு எலியின் மூளைச் செல்களைப் பற்றி ஆராய ஆசை" என்று எழுதினாலும், இரண்டாம் வகைக்கு "எனக்குச் சேவை செய்யப் பிடிக்கும்" என்று மட்டும் எழுதினாலும், படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

எஸ்எச்பிஇபி என்று அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அது என்ன?

முழுப்பெயர் சம்மர் ஹெல்த் புரொஃபஷன்ஸ் எஜுகேஷன் புரோகிராம். முதல் வகையில் மிகவும் பெயர் பெற்றது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் பணத்தில் 1980களின் கடைசியில், மருத்துவத்தில் சிறுபான்மை மாணவர்களைக் கூட்டுவதற்காகத் தொடங்கியது. பிறகு பல் மருத்துவத்தையும், 2017 வாக்கில் நர்சிங், பார்மசி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளையும் சேர்த்துக்கொண்டு இந்தப் பெயருக்கு மாறியது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சியும் பல் மருத்துவக் கல்வி அமைப்பும் சேர்ந்து நடத்தி வந்தன. கொலம்பியா, ஹோவர்ட், ரட்கர்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகம், அலபாமாவின் பர்மிங்ஹாம் என்று நாடு முழுக்கப் பல வளாகங்களில், ஆறு வாரம், கட்டணமே இல்லாமல் நடந்தது.

முதல் அல்லது இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களும் சேர முடிந்தது. குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.5 கேட்டார்கள். வாழ்நாளில் ஒரு முறைதான் போக முடிந்தது. விண்ணப்பம் நவம்பரில் திறந்து பிப்ரவரி முதல் வாரத்தில் மூடுவது வழக்கமாக இருந்தது.

எந்தப் பயிற்சியாக இருந்தாலும், பழைய மாணவர் யாரோ எழுதியதை நம்பி உட்காராமல், இந்த ஆண்டு நடக்கிறதா என்று அந்தந்த வளாகத்தின் பக்கத்திலேயே முதலில் பாருங்கள். அரசுப் பணத்தை நம்பியிருக்கும் பயிற்சிகளுக்கு இது இன்னும் முக்கியம். 2025 கோடையில் என்ஐஎச் தன் கோடைப் பயிற்சியையே நடத்தவில்லை.

பையனுக்கு எச்-4 விசா. விண்ணப்பிக்கலாமா?

எச்-4 என்பது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தரும் விசா. நம்மவர் வீடுகளில் மனம் நோகும் இடம் இதுதான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: அரசுப் பணத்தில் நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலும் முடியாது. ஆர்இயூ, என்ஐஎச் இரண்டும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். தனியார் அறக்கட்டளைப் பணத்தில் நடப்பவற்றிலும் பல இதே வரம்பை வைத்திருக்கின்றன. எஸ்எச்பிஇபி, சிறு வயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கான 'டாகா' பாதுகாப்புப் பெற்றவர்களையும் சேர்த்துக்கொண்டது.

"ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை தருபவர் போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது, கிரீன் கார்டு வரிசையில்தான் நிற்கிறோம்" என்று சொல்வார்கள். அது கணக்கில் வராது. கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 போட்டு வேலை அனுமதி அட்டை கையில் இருந்தாலும், விதியில் 'நிரந்தரக் குடியிருப்பாளர்' என்று இருந்தால் நீங்கள் இன்னும் அது இல்லை. இரண்டு வயதில் வந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஆனால் விண்ணப்பத்தில் தவறான பெட்டியை டிக் செய்வது அதைவிடப் பெரிய வம்பு. செய்யவே வேண்டாம்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. முதலில் பிள்ளை படிக்கும் கல்லூரிக்குள்ளேயே தேடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிதியில் நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டங்களில் குடியுரிமை கேட்பதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் விடுமுறையில் தன் வளாகத்திலேயே முழுநேரம் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். எச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது. அதனால் உதவித்தொகை வாங்குவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டாக வேண்டும். பாடமாகப் பதிவு செய்து கிரெடிட்டுக்கு ஆய்வகத்தில் சேர்வது இன்னொரு வழி. 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1க்கு மாறுவதை அந்தக் கோடைத் திட்டத்தோடு சேர்த்தே யோசியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மெடிக்கல் ஸ்கூல்களிலும் பல, குறிப்பாக மாநில அரசு நடத்துபவை, கிரீன் கார்டு இல்லாதவர்களை எடுப்பதே இல்லை. கோடைப் பயிற்சியைத் தேடும்போதே அந்தப் பட்டியலையும் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

நாங்கள் ஏசியன். 'பின்தங்கியோர்' பயிற்சிகளில் நமக்கு இடம் கிடைக்குமா?

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, பல பயிற்சிகள் இனத்தைக் குறிப்பிடும் வரிகளை எடுத்துவிட்டன. குடும்ப வருமானம், வீட்டில் முதல் பட்டதாரியா, கிராமப்புறமா, மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியா என்றுதான் இப்போது கேட்கிறார்கள்.

அப்பா ஐடியில் மேனேஜர், அம்மா எம்.சி.ஏ. என்றால் இந்த அளவுகோல்களில் நீங்கள் வர மாட்டீர்கள். பெற்றோரின் பட்டம் இந்தியாவில் வாங்கியது என்பதற்காகப் பிள்ளை முதல் பட்டதாரி ஆகிவிடாது. அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் ஆராய்ச்சிப் பயிற்சிகளுக்குப் போவதுதான் நியாயமும் கூட. ஆனால் எல்லாத் தமிழ் வீடுகளும் ஒன்றுபோல் இல்லையே. பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் ஓட்டல் சமையற்கட்டிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் உண்டு. போருக்குத் தப்பி வந்து, பள்ளிப் படிப்பையே பாதியில் விட்ட ஈழத்துக் குடும்பங்கள் உண்டு. "நமக்கெல்லாம் தர மாட்டார்கள்" என்று அவர்கள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதுதான் எனக்கு ஆதங்கம். இந்தப் பயிற்சிகள் அவர்களுக்காகத்தான் இருக்கின்றன.

எப்போது தொடங்க வேண்டும்?

வசந்தம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் முடிந்தது. கடைசித் தேதிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் விழுகின்றன. அக்டோபரில் பட்டியல் போடுங்கள். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடுங்கள். டிசம்பரில் தேர்வு முடிந்ததும் கட்டுரை எழுதுங்கள். முதல் செமஸ்டர் மதிப்பெண் வந்த கையோடு டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) அனுப்பிவிடலாம். பொங்கலுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி. கூடுதலாக, சில பயிற்சிகள் விண்ணப்பம் வர வர இடங்களை நிரப்பிக்கொண்டே போகும்.

ஜிபிஏ எவ்வளவு வேண்டும்?

படிப்புப் பயிற்சிகளுக்கு 2.5, ஆராய்ச்சிப் பயிற்சிகளுக்குப் பெரும்பாலும் 3.0 அல்லது அதற்கு மேல். ஆம்ஜென் ஸ்காலர்ஸ் 3.2 கேட்கும், முதல் ஆண்டு மாணவர்களை எடுக்காது. வேதியியலில் ஒரு 'சி' வாங்கியிருந்தால், ஏன், அதற்கப்புறம் என்ன மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு பக்கம் வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? வகுப்பில் 300 பேர், பேராசிரியருக்கு என் பெயரே தெரியாது.

நம் பிள்ளைகளிடம் ஒரு தயக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பேராசிரியரின் அறைக்குப் போய்ப் பேசுவதையே தொந்தரவு கொடுப்பதாக நினைக்கிறார்கள். வாத்தியாரைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் பழக்கம் வீட்டிலிருந்து வந்தது. இங்கே 'ஆபீஸ் ஹவர்ஸ்' என்று வாரம் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பதே மாணவர்கள் வருவதற்காகத்தான். செப்டம்பரிலேயே போகத் தொடங்குங்கள். பாடத்தில் உண்மையிலேயே புரியாத ஒன்றைக் கேளுங்கள். நான்கு முறை போனால் பெயர் தெரிந்துவிடும்.

பெரிய வகுப்பு நடத்தும் புகழ்பெற்ற பேராசிரியரைவிட, 20 பேர் இருக்கும் ஆய்வக வகுப்பையோ எழுத்து வகுப்பையோ நடத்துபவர் எழுதும் கடிதம் மேல். "இந்த மாணவி ஏ வாங்கினாள்" என்பது டிரான்ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. "சோதனை தப்பாகப் போனபோது மூன்று மணி நேரம் நின்று காரணத்தைக் கண்டுபிடித்தாள்" என்று எழுத, கூட இருந்து பார்த்தவரால்தான் முடியும். குடும்ப நண்பரான டாக்டர் அங்கிளிடம் வாங்க வேண்டாம். அது யாருக்கும் பயன்படாது.

கேட்கும்போது கடைசித் தேதி, பயிற்சியின் விவரம், உங்கள் ரெஸ்யூமே மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு வாரம் முன்னால் பணிவாக நினைவூட்டலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பம் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். மாணவர் பார்க்க முடியாத கடிதத்துக்குத்தான் மதிப்பு.

கட்டுரையில் என்ன எழுதுவது?

தாத்தாவுக்கு மாரடைப்பு வந்தது, அப்போது நான் டாக்டர் ஆக முடிவெடுத்தேன் என்று தொடங்கும் கட்டுரைகளைத் தேர்வுக் குழு ஒரே நாளில் பல படிக்கும். தாத்தாவை எழுதக் கூடாது என்றில்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என்ன பார்த்தீர்கள், அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்பதுதான் கட்டுரை. டிஸ்சார்ஜ் தாளில் இருந்ததைப் பாட்டிக்குத் தமிழில் நீங்கள்தான் விளக்கினீர்கள் என்றால், அதை எழுதுங்கள். மாத்திரையை எப்போது போடுவது என்று யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றால் அதை எழுதுங்கள். மொழி தெரியாத நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பது இங்கே மருத்துவத் துறையே கவலைப்படும் விஷயம்.

அப்புறம், அந்தக் குறிப்பிட்ட பயிற்சி உங்களுக்கு ஏன் தேவை என்று சொல்ல வேண்டும். இங்குதான் பலர் சறுக்குகிறார்கள். "புகழ்பெற்ற உங்கள் நிறுவனத்தில்" என்ற வரி எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. "என் கல்லூரிக்குப் பக்கத்தில் பெரிய மருத்துவமனை இல்லை", "அடுத்த செமஸ்டரில் கரிம வேதியியல் எடுக்கப்போகிறேன், பயமாக இருக்கிறது" என்பது தேவை. தேவையை ஒப்புக்கொள்வது பலவீனம் என்று நம் வீடுகளில் பழக்கியிருக்கிறோம். படிப்புப் பயிற்சிக் கட்டுரையில் அதுதான் பலம்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா?

யோசனை கேட்கலாம், பிழை பார்க்கலாம். எழுதித் தரச் சொன்னால் எல்லார் கட்டுரையும் போல ஒன்று வரும். பல பயிற்சிகள் 'இது என் சொந்த எழுத்து' என்று உறுதிமொழியும் கேட்கின்றன.

"உங்கள் மகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்" என்று தங்க முத்திரையோடு கடிதம் வந்தது. பல ஆயிரம் டாலர் கட்டச் சொல்கிறார்கள்.

விண்ணப்பிக்காமலே தேர்ந்தெடுத்தார்களா? அப்படியென்றால் அது விளம்பரம். ஒரு பல்கலைக்கழகத்தின் விடுதியை வாடகைக்கு எடுத்து, அதன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு நடத்தும் கம்பெனிகள் நிறைய. மெடிக்கல் ஸ்கூல் சேர்க்கைக் குழுவினருக்கு இது நன்றாகத் தெரியும். கையில் பணம் இருந்து, பிள்ளைக்கு ஆசை இருந்தால் சுற்றுலாபோல் போய் வரலாம். விண்ணப்பத்துக்கு வலு சேரும் என்று கடன் வாங்கிக் கட்டாதீர்கள். நடத்துவது பல்கலைக்கழகமா, அதன் இடத்தை வாடகைக்கு எடுத்தவரா என்று இணையப் பக்கத்தின் அடியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கோடையில் மதுரைக்குப் போகிறோம். மாமாவின் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே விடுவார். அது போதாதா?

பார்ப்பது நல்லது. ஒரு நாளில் அத்தனை நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரோடு நிற்பது கண்ணைத் திறக்கும். ஆனால் தொடக் கூடாது. மாமா பாசத்தில் "ஒரு தையல் போடு" என்பார். மறுத்துவிடுங்கள். பயிற்சி இல்லாத மாணவர் நோயாளியின் உடலில் கை வைப்பது தவறு என்பதை ஏஏஎம்சி வெளிநாட்டு அனுபவம் பற்றிய வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. அதைப் பெருமையாக விண்ணப்பத்தில் எழுதினால் உதவுவதற்குப் பதிலாகக் கவிழ்த்துவிடும். நோயாளி ஏழை என்பதற்காக அவர் நமக்குப் பாடப்புத்தகம் ஆகிவிட மாட்டார்.

தவிர, இங்கே மருத்துவராகப் போகிறவருக்கு இங்குள்ள மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். காப்பீடு, நர்ஸ், சோஷியல் வொர்க்கர் என்று இங்கே எல்லாம் வேறு. ஊரில் பார்த்தது கூடுதல் அனுபவம்தான், இங்குள்ள அனுபவத்துக்கு மாற்று ஆகாது.

ஜூன் கடைசியில் அத்தை மகள் கல்யாணம். நடுவில் பத்து நாள் போய் வரலாமா?

முடியாது. ஆறு வாரப் பயிற்சியில் முழு வருகை கட்டாயம், சில இடங்களில் ஒப்பந்தத்திலேயே கையெழுத்து வாங்குவார்கள். ஆனி மாத முகூர்த்தங்களும் இந்தப் பயிற்சிகளும் ஒவ்வோர் ஆண்டும் மோதிக்கொள்கின்றன. விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். பயிற்சி முடிந்து போனால் ஆடி பிறந்திருக்கும், கல்யாணமே இருக்காது. விருந்துச் சாப்பாடு வேண்டுமானால் மிச்சம் இருக்கலாம்.

பெண்ணைத் தனியாக வேறு மாநிலத்துக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

பல்கலைக்கழக விடுதியில்தான் தங்குவார்கள், பொறுப்பாளர்கள் கூடவே இருப்பார்கள். ஏற்கெனவே கல்லூரி விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு இது புதிதில்லை. விடுதி விதிகளையும் அவசரத் தொடர்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் பயிற்சி அலுவலகத்துக்குப் பெற்றோர் போன் செய்து "தேர்வு முடிவு என்ன ஆயிற்று" என்று கேட்காதீர்கள். மாணவர் பேச வேண்டிய இடத்தில் மாணவர்தான் பேச வேண்டும்.

மூன்றாம் ஆண்டுக் கோடையில் போகலாமா?

நான்கு ஆண்டு முடித்த கையோடு மெடிக்கல் ஸ்கூல் என்று திட்டமிருந்தால், மூன்றாம் ஆண்டு முடியும் மே, ஜூனிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். எம்கேட் மதிப்பெண் வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அந்தக் கோடையில் எம்கேட், விண்ணப்பம், அதற்குப் பின்னாலேயே வரும் இரண்டாம் கட்டக் கட்டுரைகள் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். அதோடு முழுநேரப் பயிற்சி என்பது என் கணக்கில் சரிவராது. ஓராண்டு இடைவெளி விட்டு விண்ணப்பிக்கப்போகிறவர் தாராளமாகப் போகலாம். இப்போது அப்படி இடைவெளி விடுகிறவர்கள்தான் நிறைய.

டெக்சாஸில் ஏதோ தனியாக இருக்கிறதாமே?

ஜேம்ப் என்று சொல்வார்கள். 2001இல் டெக்சாஸ் சட்டமன்றம் உருவாக்கியது. அந்த மாநிலத்தில் படிக்கும் வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு உதவித்தொகை, மெடிக்கல் ஸ்கூல்களில் கோடைப் பயிற்சி, எம்கேட் தயாரிப்பு எல்லாம் கொடுத்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் டெக்சாஸ் மெடிக்கல் ஸ்கூல் ஒன்றில் இடத்தையும் உறுதி செய்கிறது. கல்லூரியில் சேர்ந்த உடனே அங்குள்ள ஆலோசகரிடம் விசாரியுங்கள். மூன்றாம் ஆண்டில் கேட்டுப் பயனில்லை.

கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த செமஸ்டர் ஓடும். இதெல்லாம் எங்களுக்கு எட்டுமா?

உதவித்தொகை தரும் ஆராய்ச்சிப் பயிற்சிகளை மட்டும் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயணம் மூன்றில் எது அவர்கள் செலவு, எது உங்கள் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். கணக்குப் போட்டுச் சரிவரவில்லை என்றால் வேலைக்கே போகலாம். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் அனுபவங்களுக்கு 15 இடம் உண்டு, சம்பள வேலைக்கும் அதில் தனி வகை இருக்கிறது. மருத்துவருக்குக் குறிப்பெழுதும் ஸ்க்ரைப், நர்சிங் உதவியாளர், ஆம்புலன்ஸில் முதலுதவி செய்யும் இஎம்டி என்று நோயாளிக்குப் பக்கத்திலேயே நிற்கும் வேலைகளும் உண்டு. ஆறு வாரப் பயிற்சியைவிட ஓராண்டு ஸ்க்ரைப் வேலையில் அதிகம் கற்றவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சிக்குப் போனால் மெடிக்கல் ஸ்கூலில் இடம் உறுதியா?

ஜேம்ப் போல ஒன்றிரண்டைத் தவிர, இல்லை.

எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது ஏப்ரல். என்ன செய்வது?

உங்கள் கல்லூரியிலேயே, உங்களுக்குப் பிடித்த துறையில் பத்துப் பேராசிரியர்களைப் பார்த்து, ஒவ்வொருவருடைய ஆய்வைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்துத் தனித்தனியாக மின்னஞ்சல் போடுங்கள். ஒரே மெயிலை எல்லாருக்கும் அனுப்பினால் பதில் வராது. ஊரிலுள்ள இலவச மருத்துவமனை, கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ், முதியோர் இல்லம் ஆகியவற்றில் தொண்டர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. கம்யூனிட்டி காலேஜில் கோடைப் பாடம் எடுக்கலாம், ஆனால் எட்டு வாரத்தில் கரிம வேதியியல் என்பது விளையாட்டில்லை. அந்த மதிப்பெண்ணும் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் வந்து உட்காரும்.

உதவித்தொகைக்கு வரி உண்டா?

தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் தரும் தொகை வருமானக் கணக்கில் வரும். பல இடங்களில் வரி பிடிக்காமலே முழுதாகக் கொடுப்பார்கள், அடுத்த ஏப்ரலில் நீங்கள்தான் கணக்குக் காட்ட வேண்டும். கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது. ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். பதில் சொல்லாமல் இழுத்தால்தான் கோபம் வரும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிவெடுத்து, வேண்டாத இடத்துக்கு நன்றி சொல்லி ஒரு வரி மெயில் போடுங்கள். கடிதம் எழுதித் தந்த பேராசிரியரிடமும் எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள். மெடிக்கல் ஸ்கூலுக்கும் அவரிடம்தான் கடிதம் கேட்கப்போகிறீர்கள்.